கமாண்டரின் பனிக்களம்

கார் பேசுவதை எழுதிக் கொடுப்பது அவள் வேலை. "கதவு சரியாக மூடவில்லை", "உங்களுக்குத் தூக்கம் வருவதுபோல் இருக்கிறது, ஓரமாக நிறுத்தலாமா?" என்று ஒரு ஸ்மார்ட் கார் தன்னை ஓட்டுகிறவரிடம் என்னென்ன சொல்லுமோ அத்தனையும் அவள் எழுதியவை. வீட்டில் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய்க்காரி என்றுதான் பெயர். அந்த வாய் ஒரு காருக்குப் போய்ச் சேர்ந்ததில் அக்காவுக்கு ஆச்சரியமில்லை. அந்தக் கார் யாரையும் எடுத்தெறிந்து பேசாததுதான் ஆச்சரியம்.

ஒரு நாள் கம்பெனி, இனிமேல் அந்த வாக்கியங்களைக் காரே எழுதிக்கொள்ளும் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டது. அனுப்பிய கடிதம் "உங்கள் பயணம் இனிதாகட்டும்" என்று முடிந்திருந்தது. கார் புறப்படும்போது சொல்ல வேண்டும் என்று அவளே எழுதிக் கொடுத்தது. வீட்டுக்கு அனுப்பும் வார்த்தையைக்கூட அவளிடமிருந்தே இரவல் வாங்கியிருந்தார்கள்.

அக்கா வீட்டு மாடியறைக்குக் குடிவந்து விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டாள். வந்த பதில்களெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் வரி அவள் திறமையைக் கண்டு வியந்தது, இரண்டாவது வரி "இருப்பினும்" என்று தொடங்கியது. கொஞ்ச நாளில் அந்த "இருப்பினும்" எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கப் பழகிக்கொண்டாள்.

அப்போதுதான் அக்கா வீட்டுக்காரர் கமாண்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் காப்பீட்டு முகவர். யார் மேடையேறிக் கையை ஆட்டினாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டுகிற மனிதர்.

"பனிப்போர் உத்தியெல்லாம் வெச்சு வேலை தேடச் சொல்லிக் குடுக்கறார்மா. போனவங்க யாரும் வெறுங்கையோட திரும்பல."

"பனிப்போர்னா ஒரு குண்டுகூட வெடிக்காத போர்தானே மாமா? ரெண்டு பக்கமும் வருஷக்கணக்கா முறைச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்களே. அத நான் இப்பவே மாடியில செஞ்சுக்கிட்டுதான் இருக்கேன்."

"அது இல்லம்மா. இது நெசமாவே பனியில நடந்த சண்டை. நான் உனக்கும் சேத்துப் பேர் குடுத்துட்டேன்."

சோறு போடுகிற வீட்டில் அதற்குமேல் வாயாட முடியாது. போனாள்.

ஒரு ஓட்டலின் நிலவறையில் வகுப்பு நடந்தது. கமாண்டர் வெள்ளைக் கம்பளிப் போர்வை ஒன்றை முதுகில் போட்டுக்கொண்டு நுழைந்தார். ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். ராணுவத்தில் இருந்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கு ஒன்றில் காவலாளிகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் என்று அக்கா எங்கோ கேள்விப்பட்டிருந்தாள். பனியனுபவம் என்ற வகையில் அதைக் குறைசொல்ல முடியாதுதான்.

"பனியில நின்னவனுக்கு வெள்ளை உடைதான் உயிர். நீங்க எந்த கம்பெனிக்குப் போறீங்களோ அந்த கம்பெனி நிறத்துக்கு மாறுங்க, வீரர்களே!" என்று முழங்கினார். "பனியில வேர்த்தா செத்தோம். வேர்வை உறைஞ்சு ஆளக் கொன்னுடும். இன்டர்வியூவுலயும் அப்படித்தான். வேர்க்காதீங்க!"

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த வங்கிக்காரர், வங்கிக் கிளையை மூடியதில் வேலை போனவர், "வேர்க்கக் கூடாது" என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். அதைப் போடும்போதே அவருக்கு நெற்றி வேர்த்தது.

வாய்க்காரி கை தூக்கினாள். "பனியில சண்ட போட்டவங்களுக்குச் சூடா சாப்பாடு போயிக்கிட்டே இருந்தாத்தான் நிக்க முடியும்னு படிச்சிருக்கேன். எங்களுக்கு அத யாரு அனுப்புவாங்க?"

கமாண்டர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். "கேள்வி கேக்கற வீரன் பாதி தோத்த வீரன்." அரங்கமே கைதட்டியது. அது பதிலில்லை என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அவள் எங்கே வேலை பார்த்தாள் என்று தெரிந்ததும் கமாண்டருக்கு அவள்மீது தனிப் பிரியம் வந்துவிட்டது. அவர் வைத்திருந்தது அதே கம்பெனிக் கார். நிறைவு நாளன்று மலைமேல் ஒரு விடுதியில் பயிற்சி. மற்றவர்களெல்லாம் காலையிலேயே பேருந்தில் ஏறிப் போய்விட, வாய்க்காரியையும் வங்கிக்காரரையும் தன் காரிலேயே அழைத்துப்போவதாகச் சொன்னார் கமாண்டர்.

காருக்குள் ஏறியதும், "வணக்கம். உங்கள் பயணம் இனிதாகட்டும்" என்றது கார். அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

"பாத்தீங்களா, தானே ஓட்டும்!" கமாண்டர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "இது கார் இல்ல, என் படைக்குதிர."

படைக்குதிரை பாதி மலை ஏறியதும், எந்த வருஷமும் இல்லாத அதிசயமாக, பனி கொட்ட ஆரம்பித்தது. வளைவொன்றில் கார் தானாகவே ஓரங்கட்டி நின்றது.

"எனக்குக் கண் தெரியவில்லை. கொஞ்சம் துடைத்துவிடுவீர்களா?"

முன்பக்கத்துக் கேமராக்களைப் பனி மூடியிருந்தது. அந்த வாக்கியத்தை எழுதிய அன்று, குழந்தை கேட்பதுபோல் இருக்கிறது என்று அலுவலகமே அவளைப் பாராட்டியது. இங்கே, காற்று ஊளையிடும் சரிவில், அது குழந்தைபோல் இல்லை. உயிரை வாங்கும் சனியன்போல் இருந்தது.

கமாண்டர் பொத்தானையெல்லாம் அழுத்திப் பார்த்தார். கார் அசையவில்லை. "போ! போடா முன்னால!" என்று கத்தினார். குரல் கீச்சென்று ஏறியது.

"உங்கள் குரல் பதற்றமாக இருக்கிறது. ஒரு பாட்டு போடட்டுமா?" என்றது கார். இதுவும் அவளுடையதுதான். வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் எழுதியதை நினைத்து அவளுக்குக் கூசியது.

"யாராவது எறங்கித் தொடைங்க, வீரர்களே."

"நீங்களும் வரலாமே. வெள்ளப் போர்வ உங்ககிட்டதானே இருக்கு?" என்றாள் வாய்க்காரி.

"தலைமை எடத்த விட்டு அசையக் கூடாது. அதான் பனிக்களத்தோட முதல் பாடம்." சூடேற்றிய இருக்கையில் அவர் இன்னும் ஆழமாக அமர்ந்தார். போர்வையை மட்டும் கழற்றி நீட்டினார்.

அவளும் வங்கிக்காரரும் இறங்கினார்கள். போர்வையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவரும் பிடித்து, காரின் மூக்கிலிருந்தும் நெற்றியிலிருந்தும் பனியை வழித்தார்கள். கடைசிக் கேமராவைத் துடைத்ததும், "நன்றி. இப்போது நன்றாகத் தெரிகிறது" என்றது கார். மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னது: "சார்ஜ் குறைவாக உள்ளது. அருகிலுள்ள சார்ஜ் நிலையத்துக்குச் செல்கிறேன்."

சொன்னபடியே செய்தது. அழகாக ஒரு வட்டமடித்துத் திரும்பி, கமாண்டரைச் சுமந்துகொண்டு, வந்த வழியே இறங்கிப் போயிற்று. பின்கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. பிரேக்கில் கால் வைத்திருந்தால் கார் நின்றிருக்கும், அது அவளுக்குத் தெரியும். கமாண்டர் கால் வைக்கவில்லை.

"நம்மள விட்டுட்டுப் போறாரா?" என்றார் வங்கிக்காரர்.

"இல்ல சார், குதிர ஏறிப் போருக்குப் போறாரு."

ஆளுக்குப் பாதியாகப் போர்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கினார்கள். வங்கிக்காரரின் தோல் செருப்பு அகப்பையாகப் பனியை அள்ளியது. இரண்டு முறை வழுக்கி விழுந்தார், இரண்டு முறையும் அவள்தான் தூக்கிவிட்டாள். இரண்டாவது முறை அவர் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்து, "வீட்ல இன்னும் சொல்லலமா, வேலை போனத. தெனமும் டிபன் கட்டிக் குடுக்கறா, வாங்கிட்டுக் கெளம்பிடறேன்" என்றார். அவளுக்கு அன்று முழுவதும் வந்த ஒரே இரக்கம் அப்போது வந்தது. "எந்திரிங்க சார். உக்காந்தா வெறச்சுப் போவீங்க" என்று கையைக் கொடுத்தாள்.

அடிவாரத்துச் சார்ஜ் நிலையத்தில், கண்ணாடிக்கு உள்ளே, கமாண்டர் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர்களைக் கண்டதும் எழுந்து கைவிரித்தார்.

"வந்துட்டீங்களா! முன்னால போயி வழிய வேவு பாத்து வெச்சேன்."

"வழி எப்படி, காபிக் கட வரைக்கும் நல்லாருக்கா?" என்றாள் வாய்க்காரி. ஈரப் போர்வையை அவர் மேசைமேல் போட்டுவிட்டுப் பேருந்து ஏறினாள்.

சில வாரத்தில் கமாண்டரின் வீடியோ ஒன்று வந்தது. சாப்பிடும்போது அக்கா வீட்டுக்காரர் பெருமையாகப் போட்டுக் காட்டினார். மலையில் கார் நின்றுவிட்டதாம். கமாண்டர் பனியில் குதித்து, நடுங்கி அழுத ஒரு பெண்ணையும் மயங்கி விழுந்த ஒரு ஆணையும் அடிவாரம் வரை கொண்டுவந்து சேர்த்தாராம். கடைசியில் சாட்சிக்கு வங்கிக்காரரே வந்தார். புதுக் கோட்டு. "கமாண்டர் என்னைத் தோள்ல தூக்கிட்டு வந்தாரு" என்றார், கண் கலங்க.

வாய்க்காரி சோற்றை விட்டு எழுந்து அவருக்கு ஃபோன் போட்டாள்.

"சார், உங்கள யாரு தூக்குனது?"

"அவர்கிட்டயே வேலை குடுத்துட்டார்மா. பயிற்சி ஒருங்கிணைப்பாளர். வீட்ல எல்லாரும் சந்தோசமா இருக்காங்க."

அவள் வைத்துவிட்டாள். திட்டுவதற்கு நாக்கு நுனிவரை வந்தவை எல்லாம் நல்ல நல்ல வார்த்தைகள். வீணாய்ப் போயின.

அடுத்த மாதம் ஒரு நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பேசும் சலவை இயந்திரம் செய்கிற கம்பெனி. ஆள் எடுக்கும் அதிகாரி சிரித்த முகக்காரி, வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: "இக்கட்டான நெலமையில ஒரு தரம் எப்படி சமாளிச்சீங்க, சொல்லுங்க."

வாய்க்காரி மலையில் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். பாதியிலேயே அதிகாரி மேசையைத் தட்டினாள்.

"அய்யோ, இது கமாண்டர் கதையாச்சே! எங்க ஆளுங்க எல்லாருக்கும் அந்த வீடியோவப் போட்டுக் காட்டிட்டோம்."

"கதையில்லம்மா. அதுல நடுங்கி அழுதாங்கன்னு சொல்றாரே, அந்தப் பொம்பள நான்தான். நான் அழல. அவரு குதிக்கவும் இல்ல."

அதிகாரி கண்ணை மூடித் திறந்தாள். முகமெல்லாம் பரவசம். "பாத்தீங்களா! வெறுமன பாக்காம, அந்த எடத்துல உங்களையே வெச்சுப் பாத்து, முடிவையும் மாத்தி யோசிச்சிருக்கீங்க. இதத்தான் நாங்க தேடறோம்."

வாய்க்காரி வாயைத் திறந்தாள். மாடியறை நினைவுக்கு வந்தது. கீழே அக்கா வீட்டுக்காரர் தினமும் சத்தமாக வைக்கும் வீடியோ நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

வேலை கிடைத்தது. அக்கா வீட்டுக்காரர் கமாண்டருக்கு ஃபோன் செய்து நன்றி சொன்னார். மறுநாளே கமாண்டரின் வெற்றிப் பட்டியலில் அவள் படம் ஏறியது, கீழே "பனிக்களம் தந்த வீராங்கனை" என்று. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "அந்தப் படத்த எடுக்கச் சொல்லுடி" என்றாள்.

"சம்பளம் வரட்டும்" என்றாள் வாய்க்காரி. "மொத சம்பளத்துல மாடியறைய காலி பண்ணிட்டு, அப்பறம் போயி அவரு மொகத்துல துப்பறேன்."

முதல் சம்பளம் வந்தது, அறையைக் காலி செய்தாள். துப்பப் போகவில்லை. தனக்குத் தன்னையே பிடிக்காமல் போன விஷயம் அது ஒன்றுதான் என்று, பிறகு அக்காவிடம் சொன்னாள். அக்கா நம்பவில்லை. இன்னும் இரண்டு மூன்று இருக்கும் என்றாள்.