சிவப்பு எரிந்தால் லைன் நிற்கும்

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் சாலையில், கார் சீட்டு தைத்துக்கொண்டிருந்த ஒரு ஷெட் காலியாகி அரண்மனை ஆகியிருந்தது. தெர்மாகோல் தூண்கள், ஜன்னல்களை மூடிய கறுப்புத் துணி, நடுவில் ஓர் ஊஞ்சல், ஊஞ்சலில் ஹேமந்த். அவனைக் கட்டிக்கொள்ளப் பத்துப் பெண்கள் போட்டிபோட வேண்டும். நிகழ்ச்சியின் பெயர் 'மாலைக்குப் பத்துப் பேர்'. ஹேமந்தின் தகுதி அவன் புஜங்கள். மற்ற தகுதிகளைப் படப்பிடிப்புக் குழு நான்கு நாளாகத் தேடிக்கொண்டிருந்தது.

பத்துப் பேரில் இருவருக்கு அந்தத் தேடலில் அக்கறையே இல்லை. வாலாஜாபாத் தேவிப்பிரியாவும் திருநெல்வேலிப் பக்கத்து இசக்கிசெல்வியும் ஒரே செல்போன் கம்பெனியில் வேலை, ஒரே ஹாஸ்டல் அறை. ஆனால் ஒருத்திக்குக் காலை ஷிப்ட், மற்றவளுக்கு இரவு ஷிப்ட். இரண்டு வருடக் காதலில் பாதி, ஒருத்தி தூங்குவதை மற்றவள் பார்த்துக்கொண்டிருந்ததுதான். தேவிப்பிரியாவின் ஜாதகத்தை அவள் அப்பா பச்சையப்பன் இந்த நிகழ்ச்சிக்கு அனுப்பிவைக்க, இசக்கிசெல்வியும் சத்தமில்லாமல் மனுப் போட்டாள். மாப்பிள்ளை தேடும் இடத்தில்தான் அவர்களுக்கு ஒரே ஷிப்ட் கிடைத்தது.

அன்று பெற்றோர் வரும் நாள். காலை இடைவேளையில் இருவரும் உடை மாற்றும் அறையில் தனியாக இருந்தார்கள். தேவிப்பிரியா தன் இடுப்பிலிருந்த மைக் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். பச்சை போய்ச் சிவப்பு வந்தது. கம்பெனியின் உற்பத்தி லைனில் சிவப்பு எரிந்தால் எல்லாம் நின்றுபோகும். அப்புறம்தான் மனுஷி மாதிரி மூச்சு விடலாம். அவள் மூச்சு விட்டாள்; பேசினாள்; இசக்கிசெல்வியின் கழுத்தில் முகம் புதைத்து, "அவன் மாலையப் போட்டா நான் செத்துருவேன்டி. எனக்கு நீதான்" என்றாள்.

"ஏட்டி, அழாத. மை கலைஞ்சா அந்த டைரக்டரு நம்ம ரெண்டு பேரையும் கொன்னுருவாரு" என்றாள் இசக்கிசெல்வி. பிறகு வேறு சிலவும் சொன்னாள்.

மதியம் ஒலிப்பதிவு பார்க்கும் கமலினி, முன்பு கழற்றிப்போன மெமரி கார்டுக்குப் பதிலாக மைக் பெட்டியில் புதுக் கார்டு போட வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஏம்மா, இடைவேளையில எதுக்கு இதை அழுத்தினே?"

"நிறுத்துனேன்க்கா. ரெட்டு வந்துச்சே."

"சிவப்பு வந்தா பதிவு ஓடுதுன்னு அர்த்தம்மா."

தேவிப்பிரியா இடுப்பிலிருந்து பெட்டியைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"டைரக்டர் சார் முழுசாக் கேட்டுட்டார். தன் போனுக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லி வாங்கிட்டார். மூணு மணிக்கு மேடையில போடப்போறார்."

மூன்று மணிக்கு முன்வரிசையில் பச்சையப்பனும் அம்மா ஜெயலட்சுமியும் உட்கார்ந்திருப்பார்கள். போன வருடம் அடுத்த தெருவில் ஒரு பெண் இப்படித்தான் அகப்பட்டாள். அவளை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். இருபதாம் நாள் யாரோ ஒருவனுக்குக் கட்டிவைத்தார்கள். அந்தக் கல்யாணத்தில் பச்சையப்பன் பந்தி பரிமாறினார்.

இயக்குநர் ரங்கநாத் தன்னை இயக்குநர் என்று சொல்லிக்கொள்வதில்லை; 'கதைசொல்லி' என்பார். சொல்ல அவரிடம் இதுவரை கதை இருந்ததில்லை. இன்றுதான் கிடைத்திருந்தது.

"சார், வேணாம் சார். எங்கப்பா என்னைப் பூட்டிவெச்சிருவாரு."

"பயப்படாதேம்மா, இது புரட்சி!" அவர் கண் நிஜமாகவே கலங்கியது. "சமூகத்தை உலுக்கப்போறோம். உங்கப்பா எழுந்து நிப்பார்ல, அங்க ஒரு விளம்பர இடைவேளை. திரும்பி வந்து அவர் கண்ணீர்."

"அவுரு அழமாட்டாரு சார். அடிப்பாரு."

"அடிச்சா ரெண்டு இடைவேளை" என்று சொல்லிவிட்டுக் கதைசொல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மூன்று மணிக்குக் கதவுகளைச் சாத்தினார்கள். பத்துப் பேரும் வரிசையில் நின்றார்கள். பச்சையப்பன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மகளைப் பார்த்துக் கை ஆட்டினார். தேவிப்பிரியாவால் திரும்ப ஆட்ட முடியவில்லை. பக்கத்தில் இசக்கிசெல்வியின் பற்கள் தந்தியடிப்பது காதில் கேட்டது.

"இன்று ஓர் உண்மை வெடிக்கப்போகிறது" என்றார் ரங்கநாத். ஸ்பீக்கர் கரகரத்தது. "அவன் மாலையப் போட்டா..." என்று தேவிப்பிரியாவின் குரலே ஷெட் முழுக்க எழுந்தது.

எந்த லைனில் கால் வைத்தாலும் முதலில் நிறுத்தும் பொத்தான் எங்கே என்று பார்த்துவை. கம்பெனியில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அவளும் வந்த அன்றே பார்த்துவைத்திருந்தாள். தெர்மாகோல் தூணுக்குப் பின்னால், பழைய இரும்புத் தூணில், காளான் மாதிரி ஒரு சிவப்புப் பொத்தான். அழகுக்காக அதன்மேல் பிளாஸ்டிக் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். "அதைத் தொட்டா ஷெட்டே படுத்துரும்" என்று எலக்ட்ரீஷியன் கத்தியதும் நினைவிருந்தது. ஐந்தே எட்டில் அங்கே போனாள். மாலையைப் பிய்த்தாள். உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

ஷெட் படுத்தது.

கும்மிருட்டில் ஹேமந்த் "அம்மா!" என்று அலறியது எல்லோருக்கும் கேட்டது. அதுவரை அவன் பேசியதிலேயே உண்மையான வசனம் அதுதான். கமலினியின் கை வந்து தேவிப்பிரியாவின் கைக்குள் எதையோ திணித்தது.

"இதான் கார்டு. லேப்டாப்ல இருந்ததை அழிச்சுட்டேன். அவர் போன்ல இருக்கறதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. பின்கதவு வழியா ஓடுங்க."

ஓடினார்கள். வெயில் கண்ணைக் குத்தியது. போட்டிக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு இருவரும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறியபோது, ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "கல்யாணமாம்மா?" என்றார்.

போன் அடித்தது. அப்பா.

"பாப்பா, எங்க கீற? கரண்டு பூடுச்சுன்னு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாங்க. நீ சாப்ட்டியா?"

மேடையில் எழுந்தது யார் குரல் என்று அப்பாவுக்குப் பிடிபடவில்லை. "சாப்ட்டேன்பா."

"நல்ல மனுஷன்பா அந்த டைரக்டரு. உன்னப் பத்தி எங்ககிட்ட இன்னாமோ காட்டணுமாம். வாட்ஸப் நம்பர் கேட்டாரு, குடுத்துட்டு வந்தேன். இரு, இன்னாமோ வந்துகீது..."

"அப்பா! தொறக்காத!"

ஆட்டோக்காரர் பிரேக்கை அழுத்தினார்.

"ஏன்? இன்னா அதுல?" என்றார் அப்பா.

"நானே வந்து சொல்றேன்பா. என் வாயாலயே கேளு. அதுவரைக்கும் தொறக்காதப்பா."

"வா" என்றார் பச்சையப்பன். அந்த ஒரு சொல்லில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணா, வண்டியத் திருப்புங்க" என்றவள், இசக்கிசெல்வியிடம் திரும்பி, "நீ எறங்கிக்கோ. அவுரு கை நீட்டுவாரு" என்றாள்.

இசக்கிசெல்வி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நகர்ந்து நடுவில் உட்கார்ந்தாள். அவள் பற்கள் இன்னும் தந்தியடித்துக்கொண்டுதான் இருந்தன.

"அப்பம் மொத அடி எனக்குத்தாம்டி" என்றாள்.