ஓலைத் தட்டியில் ஒரு கண்

ஓலைத் தட்டியின் ஓட்டையில் ஒரு கண் தெரிகிறது, கறுத்து, ஈரமாய், இமைக்காமல் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறது, யார் பிள்ளை அது என்று குத்தாலிங்கம் பிள்ளை குனிகிறார், மாடத்தி சாமி, என்கிறது தட்டிக்குப் பின்னாலிருந்து குரல், இங்கன இருந்தா பலகை தெரியல சாமி, அதான் ஓலைய லேசா வெலக்குனேன், அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போது கழுத்தில் ஏதோ கனமாய் விழுகிறது, மாலை, அதன்மேல் இன்னொரு மாலை, கண் மறைந்துபோகிறது, அது என்றோ பார்த்த கண், இது அவர் தொடங்கிய பள்ளிக்கூடத்தின் வெள்ளிவிழா, பக்கத்தில் பண்ணையார் வெயிலுகந்த பிள்ளை, பெயரில்தான் வெயில், மனிதர் நிழலைவிட்டு நகர்ந்ததே கிடையாது, அண்ணாச்சி, நிமிந்து உக்காருங்க, சனங்க பாக்குதுல்லா, என்று காதில் சொல்கிறார்.

வக்கீல் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், கல்விக் கற்பகத் தரு, அறியாமை இருள் கெடுத்த ஆதவன், கற்பகத் தருவுக்கு மூத்திரம் முட்டுகிறது, கேட்பார் இல்லை, எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் அமர்த்திய மகான், என்கிறார் வக்கீல், கூரை ஒன்றுதான், அதில் பொய்யில்லை, அந்தக் கூரைக்குக் கீழே சேரிப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்த அன்று ஊர்ப்பிள்ளை ஒன்றுகூட வரவில்லை, அவர்களுக்குப் போட்ட வெறும் பாயைப் பார்த்தபடி குத்தாலிங்கம் பிள்ளை நிற்கிறார், இதே வெயிலுகந்த பிள்ளை, அப்போது மீசை கறுப்பு, வாசலில் வேப்பமர நிழலாகப் பார்த்து நின்றுகொண்டு சொல்கிறார், அதுகள் படிக்கக் கூடாதுன்னு நாங்க சொல்லுதோமா அண்ணாச்சி, நடுவுல ஒரு தட்டி கட்டிருங்க, பாடம் காதுலதான விழணும், காதுக்கு என்ன தீட்டு, ஒரு மாசம் போவட்டும், பழகிருச்சுன்னா நானே வந்து அவுத்துப் போடுதேன், ஒரு மாசம்தானே என்று இவரும் தலையாட்டினார், ஆட்டாவிட்டால் பள்ளிக்கூடமே இல்லை, ஓலைதானே, கறையான் தின்றுவிடும், சீர்திருத்தக்காரனைவிடக் கறையான் கெட்டிக்காரன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார், ஆனால் வருடந்தோறும் பங்குனியில் புதுத் தட்டி வந்துவிடுகிறது, கூரை ஒழுகினால் ஒருவர் கண்ணிலும் படாது, தட்டியில் ஒரு கீற்று நெகிழ்ந்தால் ஊரே கூடிவிடும்.

அப்போது ஒருநாள், அவர் வேலைக்கு வைத்த வாத்தியார் கணக்கு கேட்கிறார், பண்ணையார் மகன் விட்டத்தை அண்ணாந்து பார்க்கிறான், பதில் தட்டிக்குப் பின்னாலிருந்து வருகிறது, மாடத்தியின் குரல், மறு கணக்கு, மறுபடியும் அதே குரல், வாத்தியாரின் பிரம்பு ஓட்டைக்குள் பாய்கிறது, ஒரு அலறல், நான் தட்டியத்தான குத்துனேன், பொறத்தால யாரு இருக்கான்னு என்னத்தக் கண்டேன், என்கிறார் வாத்தியார், சாயங்காலம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அம்மா தெருமுனையில் நிற்கிறாள், முகத்தில் கோபமே இல்லை, அவ படிச்சது போதும் சாமி, இன்னொரு கண்ணாவது மிஞ்சட்டும், என்கிறாள், அன்றிலிருந்து அந்தத் தட்டியைக் கண்டாலே குத்தாலிங்கம் பிள்ளையின் முகம் சுளிக்கும், அவிழ்த்துப் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு நாக்கு தேய்ந்தது, விழாவுக்கு அழைக்க வந்தபோதும் அதைத்தான் சொன்னார், தட்டி இருக்கிற இடத்துக்கு நான் வரமாட்டேன், வெயிலுகந்த பிள்ளை பதறிப்போய், அண்ணாச்சி மனசு எங்களுக்குத் தெரியாதா, அது இருக்காது, வாங்க, என்றார், அதற்காகவே வந்திருக்கிறார், சாவதற்குள் அந்தக் கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட வேண்டும்.

கைத்தாங்கலாகக் கூடத்துக்குள் கூட்டிப்போகிறார்கள், பட்டுத் திரையை விலக்குகிறார்கள், சுவர், செங்கல் சுவர், தரையிலிருந்து விட்டம்வரை, நேற்று அடித்த சுண்ணாம்பு இன்னும் காயவில்லை, நடுவே சலவைக்கல்லில் அவர் பெயர், அந்த ஓலை ஒங்க கவுரவத்துக்குக் கொறச்சலாத்தான் இருந்துது அண்ணாச்சி, அதக் கண்டாலே மூஞ்சியச் சுளிப்பீங்கள்லா, இனி எந்தக் காலத்துக்கும் அசையாது, கொத்தனாரு சத்தியம் பண்ணிட்டான், என்கிறார் வெயிலுகந்த பிள்ளை, அவர் கண்ணில் நீர், நிஜமான நீர், அதுதான் கொடுமை, குத்தாலிங்கம் பிள்ளை கையை நீட்டுகிறார், கல்லுக்குக் கீழே, ஒரு சின்னப்பிள்ளை எட்டும் உயரத்தில் விரல் தடவித் தடவித் தேடுகிறது, பெரியவரு தன் பேரத் தொட்டுப் பாக்காரு, என்று யாரோ உருகுகிறார்கள், கூடம் கைதட்டுகிறது, சுவருக்கு அந்தப் பக்கமும் தட்டச் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது, எதற்கென்று தெரியாமல் சின்னக் கைகள் தட்டுகின்றன, அவர் குனிந்து, ஓட்டை இருந்த இடத்தில், ஈரச் சுண்ணாம்பில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கிறார், எரிகிறது, எடுக்கவில்லை.