மெஷின் மேல் தப்பு இல்லை

கலீமுல்லா சாயபு வீட்டுத் துணி துவைக்கும் மெஷினை ஆம்பூரில் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். மதராஸில் ஒரு துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது ஏலம் விட்ட சாமான்களில் சாயபு அதை எடுத்து வந்தார். இரும்புக் கால்கள் மேல் ஒரு செம்புத் தொட்டி, அதன் நடுவில் துடுப்பு, பக்கத்தில் ஆள் சுற்றுவதற்குக் கைப்பிடி, மேலே துணி பிழிய இரண்டு ரப்பர் உருளை. கொதிக்கிற தண்ணீரும் சோடாவும் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் துடுப்பு இப்படியும் அப்படியும் திரும்பித் துணியை அலசும். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. பார்த்துவிட்டு, கல்லில் நாலு அடி அடித்தால் இதைவிட வெளுக்குமே என்று சொல்லிவிட்டுப் போனது.

நான் தோல் பதனிடுகிற சாயபுவின் டேனரியில் ஃபிட்டர். பம்பு, பெல்ட், பாய்லர் எல்லாம் என் பொறுப்பு. மெஷின் மக்கர் செய்தால் சாயபு, "குர்ஷித், வூடு வரைக்கும் போய்ட்டு வா" என்பார். மெஷின் இருந்தது வீட்டின் பின்கட்டில், கிணற்றுக்குப் பக்கத்தில். பின்கட்டுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு பர்தா தொங்கும். பர்தாவுக்கு அந்தப் பக்கம் சாயபுவின் மனைவி அஃப்ஸர் ஜஹான் பீபி இருப்பார். நான் பீபியைப் பார்த்ததில்லை, குரலையும் கேட்டதில்லை. அவர் மெதுவாகச் சொல்வதைத் துணி துவைக்கிற கெங்கம்மாள் வந்து என்னிடம் சொல்வாள். என் பதிலைக் கொண்டுபோய் அங்கே சொல்வாள். ஒரு வார்த்தை கூட்ட மாட்டாள், ஒரு வார்த்தை குறைக்க மாட்டாள். மூன்று வருஷமாக அப்படித்தான் நடந்து வந்தது.

அந்த வருஷம் பீபியின் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்த சமயத்தில் தொட்டி கசிய ஆரம்பித்தது. துடுப்பின் இரும்புத் தண்டு தொட்டியின் அடியைத் துளைத்துக்கொண்டு கீழே பல்சக்கரத்துக்குப் போகும். அந்த ஓட்டையில் தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு ரப்பர் வாஷர் உண்டு. அது காய்ந்து அப்பளம்போல் நொறுங்கிவிட்டது. புதிது கேட்டு மதராஸுக்குக் கடிதம் எழுதினோம், இரண்டு மாதமாகப் பதில் இல்லை. எங்கள் ஊரில் தோலுக்கா பஞ்சம்? டேனரிப் பம்புகளில் இருக்கிற வாஷர் எல்லாம் தோல்தான். ஆவாரம் பட்டையில் பதமான நல்ல கெட்டித் தோலில் வட்டமாக வெட்டி, கொழுப்புத் தடவி, தண்டைச் சுற்றி வைத்து, மேலே ஒரு இரும்பு வில்லை போட்டு நட்டை முறுக்கினேன். வில்லைக்கு வெளியே தோல் ஒரு கட்டைவிரல் அகலம் தெரிந்தது. தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. சீமைக்காரன் வைத்ததைவிட நன்றாக இருக்கிறது என்று கெங்கம்மாளிடம் சொன்னேன். அதையும் அவள் உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள்.

எட்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. ஒன்பதாம் நாள், அது புதன்கிழமை, வரச்சொல்லி ஆள் வந்தது. ஞாயிறு நிக்காஹ். வாணியம்பாடியிலிருந்து சொந்தக்காரப் பெண்கள் வந்து இறங்கியிருந்தார்கள். பர்தாவுக்கு உள்ளே ஒரே பேச்சுச் சத்தம்.

கெங்கம்மாள் கொடியில் கிடந்த துணிகளைக் காட்டினாள். விருந்தாளிப் பெண்கள் தொழுகைக்குப் போர்த்திக்கொள்ள என்று புதிதாகத் தைத்த வெள்ளைத் துப்பட்டாக்கள். நாலைந்தில் கறுப்பாகக் கறை. "பாய், மெஷின்ல துரு கிரு இருக்குதான்னு பீபிம்மா பாக்கச் சொல்றாங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் மெஷினில் துருவா? தண்ணீரை வடித்துவிட்டுத் தொட்டி முழுக்கக் கையால் தடவிப் பார்த்தேன். செம்பு கண்ணாடியாக இருந்தது. உருளைகளைத் துடைத்துப் பார்த்தேன், துடுப்பைப் பார்த்தேன், வில்லையைப் பார்த்தேன், ஒவ்வொரு நட்டையும் பார்த்தேன். குனிந்து அடியில் பார்த்தேன். அங்கே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. என் வாஷர் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. நானே வைத்ததை நானே எதற்குக் கழற்றுவது?

"துரு ஒரு பொட்டு இல்ல. மெஷின் மேல தப்பு இல்லன்னு சொல்லு."

அவள் பர்தாவிடம் போய், "மெஷின் மேல தப்பு இல்லையாம்மா" என்றாள். திரும்பி வந்தாள். "அப்போ இது இன்னா கறைன்னு கேக்கறாங்க."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் கேட்டால் தெரியாது என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. துப்பட்டாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். "இது தெரியாதா? தோல் ஊறுற பட்டைத் தண்ணி இரும்புல பட்டா வர்ற கறை. டேனரிக் கறை. எங்க ஆளுங்க வேட்டியெல்லாம் இதுதான்."

கெங்கம்மாளின் முகம் மாறியது. அவளுடைய புருஷன் கன்னியப்பன் எங்கள் டேனரியில் பட்டைத் தொட்டியில் இறங்கி வேலை செய்கிறவன். இருந்தும் அவள் போனாள். "டேனரிக் கறையாம்மா" என்று என் வார்த்தையை அப்படியே சொன்னாள். குரல் மட்டும் இறங்கிவிட்டது.

உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது. பீபி மதராஸில் பிறந்து ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டவர். துணியில் இரண்டு நாளாகத் தோல் வாசனை வருகிறது என்று அவர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தாராம். இப்போது கணக்குச் சரியாகிவிட்டது. கெங்கம்மாள் புருஷனின் டேனரி வேட்டியைக் கொண்டுவந்து, தொழுகைத் துணியோடு ஒரே தண்ணீரில் போட்டுச் சுற்றியிருக்கிறாள் என்று உள்ளே முடிவு கட்டிவிட்டார்கள்.

"நான் போடலம்மா. என் புள்ளைங்க மேல சத்தியமா ஒரு நாள்கூடப் போடல" என்று அவள் பர்தாவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாய், நீங்க சொல்லுங்க. இந்தக் கறை வேற எப்படியும் வராதா?"

"எனக்குத் தெரிஞ்சத சொல்லிட்டேன்."

இனி வேலைக்கு வர வேண்டாம் என்று பீபி சொல்வதாக உள்ளேயிருந்து ஒரு வாணியம்பாடிப் பெண் சொன்னாள். கெங்கம்மாள் சோடா டப்பாவை மூடி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். வாணியம்பாடிப் பெண்கள் பர்தாவின் ஓரமாக எட்டிப் பார்க்கப் பார்க்கப் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தப்புச் செய்தால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டு நானும் வந்துவிட்டேன்.

மறுநாள் டேனரியில் கன்னியப்பன் என்னிடம் வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று ஸ்பானரைக் கீழே வைத்தேன். அவன் சண்டை போடவில்லை. "பாய், என் வேட்டிய அவ வாசப்படி தாண்டவே வுடமாட்டா. பாலாத்து ஊத்துல நானே அலசி, ஈரத்தோட கட்டிக்கினு போவேன். இத்தினி வருசமா அதான். அந்த வேட்டி எப்படி பாய் சாயபு வூட்டுக்குப் போவும்?"

"அத எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற?"

"யார்கிட்ட சொல்றது? நேத்து சாயங்காலமே பக்கத்து ரெண்டு வூட்ல அவள வர வேணாம்னுட்டாங்க. தொழுவுற துணிய கெடுத்தவன்னு பேராய்டுச்சு. இனிமே இந்த ஊர்ல யாரு அவ கையில துணி குடுப்பாங்க?" சொல்லிவிட்டுத் தொட்டியில் இறங்கிவிட்டான்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அது இன்னும் அதிகமானது. இரண்டாம் பம்புக்கு வாஷர் வெட்ட உட்கார்ந்தேன். தோல் மேல் காம்பஸை வைத்து வட்டம் போட்டேன். கை நின்றுவிட்டது.

துப்பட்டாவில் இருந்த கறை பிறை வடிவத்தில் இருந்தது. கறை பட்ட எல்லாத் துப்பட்டாவிலும் அதே பிறை, கட்டைவிரல் அகலம். வேட்டியிலிருந்து சாயம் இறங்கினால் தண்ணீர் முழுக்கப் பரவித் துணி முழுக்கப் பழுப்படிக்கும். பிறை எப்படி வரும்? கன்னியப்பன் வேட்டி என்ன, காம்பஸ் வைத்துக்கொண்டா கறை போடுகிறது?

அன்று மெஷினுக்கு வெட்டிய தோலின் மிச்சத் துண்டு என் பெட்டியிலேயே கிடந்தது. ஒரு குவளையில் பாய்லர் வெந்நீர் பிடித்துச் சோடாவைக் கரைத்தேன். தோல் துண்டைப் போட்டு, மேலே ஒரு இரும்பு நட்டை வைத்து, ஒரு வெள்ளைத் துணிக் கிழிசலையும் சேர்த்து அமுக்கி மூடி வைத்தேன். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து திறந்தேன். தண்ணீர் டீத்தண்ணி மாதிரி இருந்தது. துணியில் தோலும் நட்டும் சேர்ந்து பட்ட இடம் கறுத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். எனக்கு வாசனை எதுவும் தெரியவில்லை. இருபது வருஷம் அதிலேயே மூச்சு விட்ட மூக்குக்கு என்ன தெரியும்?

பம்பில் அதே தோல்தான் இருக்கிறது. ஆனால் பம்புத் தண்ணீர் போவது பட்டைத் தொட்டிக்கு. அங்கே கறையை யார் பார்த்தார்கள்? மெஷினில் முதல் எட்டு நாளும் கலர் துணி, கெங்கம்மாள் போட்ட கையோடு எடுத்துவிட்டாள். வெள்ளையை மட்டும் சோடாத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைப்பது அவள் வழக்கம். ஊறிய துணி அடியில் போய் என் வாஷர் மேல் உட்கார்ந்திருக்கிறது.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, முதலில் எனக்கு வந்த யோசனை வாஷரைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்பதுதான். சாயபுவின் மோட்டார் வண்டிப் பழைய டியூப் ஷெட்டில் கிடந்தது. அதில் ஒரு வட்டம் வெட்டிப் போட்டால் வேலை முடிந்தது, ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. இதை அன்றைக்கே செய்திருக்கலாம். தோல் ஊர்க்காரனுக்குத் தோலைத் தவிர வேறு எதுவும் மனசுக்கு வராது. அந்த யோசனையோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கன்னியப்பன் தொட்டியிலிருந்து ஏறி இறங்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

சனிக்கிழமை காலையில் டியூப் துண்டை எடுத்துக்கொண்டு கெங்கம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"இத எங்கிட்ட இன்னாத்துக்கு பாய் சொல்றீங்க? அங்க சொல்லுங்க."

"சாயபு மாப்பிள்ளை வூட்டாரக் கூட்டியார ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்குப் போய்ட்டாரு. பீபிகிட்ட சொல்ல நீ வேணும்."

அவள் சிரித்தாள். அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. முறத்தை உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

இருவரும் பின்கட்டுக்குப் போனோம். நான் நட்டைக் கழற்றி வில்லையை எடுத்தேன். தோல் வாஷரின் ஓரம் மசியில் தோய்த்த மாதிரி கறுத்திருந்தது. ஓரமாகச் சுருட்டிப் போட்டிருந்த ஒரு துப்பட்டாவை விரித்து, வாஷரைக் கறை மேல் வைத்தேன். பிறை அப்படியே பொருந்தியது.

"போய்ச் சொல்லு கெங்கம்மா. தப்பு குர்ஷித் மேலன்னு சொல்லு."

"நான் சொன்னா நானா கட்டினதுன்னுவாங்க. நீங்களே சொல்லுங்க."

"பர்தாவப் பாத்து நான் பேசறதா?"

"செவுத்தப் பாத்துப் பேசுங்க. சத்தமா பேசுங்க."

கிணற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். தோல் வாஷர் போட்டது நான், கறை அதிலிருந்து வந்தது, கழற்றிப் பார்க்காமல் மெஷின் மேல் தப்பு இல்லை என்று சொன்னதும் நான். பர்தாவின் கீழே ஒரு கை நீண்டது. கெங்கம்மாள் வாஷரையும் துப்பட்டாவையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். உள்ளே கொஞ்ச நேரம் கிசுகிசுப்பு. வாஷர் திரும்பி வந்தது, கெங்கம்மாளும் வந்தாள்.

"இன்னிக்கே வேலைக்கு வந்துடச் சொல்றாங்க."

"வர்றேன்னு சொல்லிட்டியா?"

"இல்ல. நீங்க சொல்லுங்க. வாணியம்பாடிக்காரங்க எதிர்ல என்ன அனுப்பிச்சாங்க. அவங்க எதிர்லயே கூப்பிட்டா வர்றேன்னு சொல்லுங்க."

முதலாளி வீட்டு அம்மாளுக்கு நான் சொல்கிற வார்த்தையா இது? கொஞ்சம் மழுப்பிச் சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் என் வார்த்தைகளை ஒன்று விடாமல் சுமந்தவள். அவள் சொன்னதை அப்படியே சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

பிறகு எனக்குத் தெரியாத ஒரு குரல், பின்கட்டு வரைக்கும் கேட்கிற குரல், "கெங்கம்மா மேல எந்தத் தப்பும் இல்ல. எல்லாரும் கேட்டுக்குங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன். கெங்கம்மா, உள்ள வா" என்றது.

கெங்கம்மாள் உடனே போகவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையிலிருந்த தோல் வாஷரை அதே முந்தானையில் வைத்து முடிந்துகொண்டாள்.

"அது உனக்கு எதுக்கும்மா? குடு, தூக்கிப் போட்டுடறேன்."

"என்கிட்டயே இருக்கட்டும் பாய். அடுத்த தடவ நீங்க மெஷின் மேல தப்பு இல்லன்னு சொன்னா எடுத்துக் காட்டறதுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.