ரூட்டருக்கு ஒரு உறை

ஸ்வர்ணலதா வாழ்க்கைப்பட்ட வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். வாசல் அறையில் வைஃபை பறக்கும். கடைசியில் இருக்கும் தறிக்கூடத்துக்குப் போனால் நொண்டும். நடுவில் முழங்கை நீளக் கனத்தில் மண்சுவர்கள் வேறு. தறிக்கு எதற்கு வைஃபை என்று இத்தனை நாள் யாரும் கவலைப்படவில்லை.

கவலையைக் கொண்டுவந்தவள் நிலா. கோயம்புத்தூரில் கல்யாணப் பெண். ஆரணிக் கடைக்காரர் நடுவில் இல்லாமல் ஸ்வர்ணலதா தானாகப் பிடித்த முதல் ஆர்டர். எங்கேயோ போட்டோவை நம்பி ஏமாந்தவள், தறியிலேயே புடவையை வீடியோவில் பார்த்த பிறகுதான் எந்த முந்தானை என்று சொல்வேன் என்று பிடிவாதம் பிடித்தாள். இரண்டு முறை காட்டப்போய், இரண்டு முறையும் படம் அப்படியே நின்றுவிட்டது.

"வியாழக்கிழமை நாலு மணிக்குப் பாக்கலாங்க அக்கா. அன்னைக்கும் வரலைன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

"வுடு. எப்பவும் போல கடைக்காரரே எடுத்துக்கினு போவாரு" என்றான் தறியில் இருந்த கணவன் சந்திரமோகன்.

ஸ்வர்ணலதாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. போன மாதம் அவன் ஆசை ஆசையாக ஜரிகையிலேயே ஒரு முந்தானை நெய்து மாதிரிக்குக் கொண்டுபோனான். ரொம்ப மினுக்குது என்று கடைக்காரர் ஒரே சொல்லில் திருப்பிவிட்டார். அன்று இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. நேராக வாங்குகிறவள் ஒருத்தியாவது வேண்டும் என்று அவள் நினைத்தது அன்றைக்குத்தான்.

புதன்கிழமை இன்னொரு ரூட்டர் வாங்கிவந்தாள். பழையதிலிருந்து ஓட்டுக்கு அடியில் கேபிள் இழுத்துத் தறிக்கூடத்து மாடத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே முகவரியில் இருந்தால் முட்டிக்கொள்ளும். புதியதின் முகவரியை மாற்ற வேண்டும். போன்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையைப் பழையதிடமே விட்டுவிட வேண்டும். சாவிக்கொத்து ஒருத்தர் இடுப்பில்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. சாயங்காலம் தறிக்குப் பக்கத்தில் போனில் வைஃபையின் நாலு கோடும் நிறைந்து நின்றன. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வியாழன் மதியம் பார்த்தால் ஒரே ஒரு கோடு.

ரீசெட் செய்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டாள். வந்தது. டீ போட்டுவிட்டு வந்து பார்த்தால் போய்விட்டது. மறுபடி செய்தாள், மறுபடி வந்தது, மறுபடி போனது. மணி மூன்றே முக்கால்.

"இன்னா பேஜாரு புடிச்ச டப்பாங்க இது. நான் கைவெச்சா வருது, நகந்தா போவுது."

"கைவெக்கறப்ப இன்னா பண்ற?" என்றான் சந்திரமோகன்.

"இன்னா பண்றேன், உறைய எடுத்துட்டு பட்டன அமுக்கறேன். அப்பறம் உறைய..."

வாக்கியம் பாதியில் நின்றது.

அந்த வீட்டில் உறை இல்லாத சாமான் கிடையாது. மிக்ஸி, டிவி, கேஸ் சிலிண்டர் வரைக்கும் மாமியார் அபிதகுசாம்பாள் மிஞ்சின துணியில் சட்டை தைத்துப் போட்டுவிடுவாள். புதுசாக வந்த ரூட்டருக்கு இன்று காலை ஒன்று தைத்திருந்தாள், அதுவும் கடைக்காரர் திருப்பிய அந்த ஜரிகை முந்தானையை வெட்டி. அழகா இருக்குது அத்தை என்று ஸ்வர்ணலதாவே பாராட்டி, ஒவ்வொரு முறையும் மறக்காமல் மாட்டிவிட்டிருந்தாள். ஜரிகை என்றால் வெள்ளி இழை, சிக்னலை மறிக்கும் உலோகம். தன் கையாலேயே ரூட்டரைத் தகரப் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறாள்.

உறையைக் கழற்றினாள். நாலு கோடு. தறிக்கூடத்து வாசற்படியில் மாமியார் நின்றிருந்தாள்.

"நான்தான் கெடுத்தனா?" என்று உறையை வாங்கி இரண்டு கையிலும் சுருட்டிக்கொண்டாள். முகம் சுருங்கிவிட்டது. ஸ்வர்ணலதாவுக்குப் பாவமாக இருந்தது. பதில் சொல்வதற்குள் போன் அடித்தது.

திரையில் நிலா வந்தாள், படம் நிற்கவே இல்லை. தறியில் அரக்கு நிற உடல் முடிந்து முந்தானை மட்டும் பாக்கி. ஸ்வர்ணலதா ஒவ்வொரு டிசைனாகக் காட்டினாள். நிலா எதற்கும் மயங்கவில்லை.

"அக்கா, பின்னாடி அந்தம்மா கையில வெச்சிருக்காங்களே, அதென்ன?"

"அது... ரூட்டர் உறைங்க."

"கிட்டக் காட்டுங்க." மாமியார் தயங்கித் தயங்கி உறையைப் பிரித்துக் காட்டினாள். நிலா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "இதேதான். இந்த முந்தானைதான் எனக்கு வேணும்."

சந்திரமோகன் தறியிலிருந்து எழுந்தேவிட்டான். தறியில் மாட்டும் அந்த டிசைன் அட்டை பரண்மேல்தான் இருக்கிறது என்று பாதி சொன்னவன், அதை எடுக்க ஏணியைத் தேடிப் போய்விட்டான். ஸ்வர்ணலதா அவனுக்காகச் சொல்லி முடித்தாள்.

அழைப்பு முடிந்ததும் அபிதகுசாம்பாள் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"டப்பா வாங்கனவ நீ. மாட்டனவ நீ. ஆனா புடவைய வித்தது என் உறைடீ, மறந்துடாத."

மறுநாள் ரூட்டருக்குப் பருத்தித் துணியில் ஒரு சட்டை ஏறியிருந்தது. ஸ்வர்ணலதா போனை எடுத்துப் பார்த்தாள். நாலு கோடும் இருந்தன. அப்படியே விட்டுவிட்டாள்.