இலவச அறை

"உம்மட உண்மையான பேரைப் போடாதையும்" என்று ரோகினி சொன்னபோது, தனுஜா தன் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டிவிட்டிருந்தாள். சுட்டதுபோல விரல்களை இழுத்துக்கொண்டாள். ரோகினி குனிந்து அந்த எழுத்துகளை அழித்தாள்.

"பேர், ஊர், ஃபோன் நம்பர், படம், ஒண்டும் குடுக்கக் கூடாது. பேங்க் காட் நம்பர் கேட்டால் அந்த இடத்திலேயே எழும்பிட வேணும். விளங்குதே?"

"எங்கிட்ட காடே இல்லியே மிஸ்."

"இல்லாட்டியும் கேப்பாங்கள்."

ஹட்டன் பஸ் நிலையத்தைப் பார்த்தபடி, மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது ரோகினியின் இன்டர்நெட் கடை. நான்கு கம்ப்யூட்டர்கள். பள்ளிக்கூட ஆசிரியரான கணவரோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தவள் அவள். சண்டை உக்கிரமாக நடந்துகொண்டிருந்த அந்த இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில், யாழ்ப்பாணத்துப் பேச்சோடு ஹட்டனில் கடை வைத்திருப்பதற்கே அவளுக்குப் பயம்தான். கடைக்கு வருபவர் எந்தப் பக்கம் திறக்கிறார், யாரோடு பேசுகிறார் என்று அவள் கண் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவளிடம் போய், வெள்ளைக்காரர்கள் ஆடும் ஒரு நம்பர் விளையாட்டைக் கற்றுக்கொடுங்கள் என்று தனுஜா கேட்டபோது, "இது சூதாட்டமெல்லோ, இஞ்ச சரிவராது" என்று முதலில் அனுப்பிவிட்டாள். தனுஜா படியிறங்கவில்லை. முதற்படியிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள். பிறகுதான் ரோகினி முழுக் கதையையும் கேட்டாள்.

தனுஜாவின் அக்கா நாகலெட்சுமி வீட்டு வேலைக்கு சைப்பிரசுக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது. அங்கே குடியிருக்கும் ஒரு இங்கிலாந்துக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆரம்பத்தில் வாராவாரம் பேசினாள். பிறகு கிழவியின் மகன் அவளுடைய ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டான். பாஸ்போட்டும் அவனிடம்தான். காலையில் வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் வருவான். வாரத்துக்கொரு தடவை மருந்து கொண்டுவரும் ஆள் குசினி ஜன்னல் கம்பி வழியாகக் கொடுத்துவிட்டுப் போவான். அவனிடம் கெஞ்சி அவனுடைய ஃபோனை வாங்கித்தான் போன மாதம் நாகலெட்சுமி பேசினாள். பேசியது சில வார்த்தைகள்தான்.

"தனு, கிழவி மத்தியானத்துல கம்ப்யூட்டர்ல பிங்கோன்னு ஒன்னு வெளையாடும். கை நடுங்குறதால நான்தான் அமுக்கி விடுவேன். அது தூங்குனப்புறம் நான் மட்டும் இருப்பேன். வேற எதுவும் தொறக்காது, மவன் பூட்டி வச்சிருக்கான். அந்த வெளையாட்டுக்குப் பக்கத்துல எழுதுற பொட்டி இருக்கு. நீ அங்க வா. கிழவி பேரு சன்னி ரோஸ்னு இருக்கும்…" அந்த இணையப் பக்கத்தின் பெயரைச் சொல்லி முடித்ததும் ஃபோன் அறுந்துபோனது.

தனுஜா நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தாள். இருபத்துமூன்று வயதாகியும் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஓ.எல். பரீட்சையில் அவளைக் கைவிட்டது ஆங்கிலம்தான்.

முதலில் ரோகினி தானே ஒரு பொய்ப் பெயரில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். காசு கட்டாமல் பழகிக்கொள்ள இலவச அறை ஒன்று இருந்தது. நாகலெட்சுமி சொன்ன கிழவியும் அங்கேதான் ஆடுவாளாம். மகன் அவளுக்குக் கார்டு கொடுப்பதில்லை என்று அக்கா முன்பு பேசியபோது சொல்லியிருந்தாள். பிறகு அடுத்த மெஷினில் தனுஜாவை உட்கார வைத்து அவளுக்கும் ஒரு பொய்ப் பெயர் போட்டாள். மல்லிப்பூ என்று.

திரையில் மூன்று வரிசைச் சீட்டு ஒன்று வந்தது. வண்ணப் பந்துகள் உருண்டு வந்து ஒவ்வொன்றாக நம்பர் காட்டின. சீட்டில் அந்த நம்பர் இருந்தால் அமுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் ஒரு வெற்றி, எல்லாம் நிரம்பினால் முழு வெற்றி. அவ்வளவுதான். ஆனால் பந்துகள் நிற்கவே இல்லை. நம்பரைத் தேடுவதற்குள் அடுத்தது வந்தது. பக்கத்திலிருந்த எழுதுகிற பெட்டியில் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுத்துகள் மேலே மேலே ஓடி மறைந்தன. அவற்றுக்கிடையில் சன்னி ரோஸ் என்ற பெயரை அவள் தேடினாள். பந்தைப் பார்த்தால் பெயர் தப்பியது, பெயரைப் பார்த்தால் பந்து தப்பியது.

"விளையாட்டை விடும். பெட்டியைப் பாரும்" என்றாள் ரோகினி.

"ஆடாம இருந்தா வெளிய தள்ளிருதே மிஸ்."

உண்மைதான். சும்மா இருப்பவர்களை அந்த அறை வைத்துக்கொள்வதில்லை. அதனால் அவள் ஆடக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. அன்று சன்னி ரோஸ் வரவில்லை. கடைசி பஸ்ஸில் நெரிசலில் நின்று வந்தபோது, கண்ணை மூடினாலும் பந்துகள் உருண்டன.

"கம்ப்யூட்டர் கிளாஸ்ல என்னத்த சொல்லித் தர்றாங்க?" என்று அம்மா வீரம்மா கேட்டாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை, நனைந்தபடியே லயத்து வீட்டுக் கதவில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்பர் போடச் சொல்லித் தர்றாங்கம்மா."

"அவ பேசுனாளா?"

"பேசுவா."

வீரம்மா சாக்கின் சுருக்கங்களை நெடுநேரம் நீவிக்கொண்டிருந்தாள். மகள் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தவள் போலத்தான் இருந்தாள்.

அடுத்த ஞாயிறு தனுஜா ஒரு வரிசையை முழுதாக நிரப்பிவிட்டாள். திரை முழுக்கப் பொன் நிறக் காகிதத் துண்டுகள் கொட்டின. பின்னாலேயே ஒரு பெட்டி வந்து விழுந்தது: இதே வெற்றி காசு அறையில் கிடைத்திருந்தால் இவ்வளவு வந்திருக்கும், கார்டு நம்பரை இங்கே போடுங்கள். அந்தத் தொகையின் சைபர்களை அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள். அக்காவை அனுப்பாமலே இருந்திருக்கலாம் என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்தது. ரோகினி எட்டி அந்தப் பெட்டியை மூடினாள்.

கொஞ்ச நேரத்தில் லக்கி டெரி என்ற பெயரில் ஒருவன் மல்லிப்பூவிடம் பேச்சுக் கொடுத்தான். புதுசா? எந்த நாடு? நல்லாயிருக்கிறாயா? யாரையாவது தேடுகிறாயா? அந்தக் கடைசிக் கேள்வியில் தனுஜா அசந்துபோனாள். இவனுக்கு எப்படித் தெரிந்தது? இவன் அக்காவுக்குத் தெரிந்தவனாக இருக்குமோ? உன் உண்மையான பெயரையும் ஊரையும் சொல், நான் உதவுகிறேன் என்று அவன் எழுதினான். அவள் விரல்கள் ஓட ஆரம்பித்தபோது ரோகினி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஆம்பிளையள் எல்லாப் பொம்பிளையளிட்டையும் இதைத்தான் கேப்பாங்கள். உமக்கு இப்ப ஆரோ தேவைப்படுது. அதனால உம்மைத்தான் கேட்ட மாதிரிக் கிடக்கு."

தனுஜா தட்டியிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள்.

அந்த வாரம் ரோகினி, வெளிநாடு போன பெண்களுக்காக ஹட்டனில் வேலை செய்யும் ஒரு கன்னியாஸ்திரியிடம் போய், சைப்பிரசில் நம் நாட்டுப் பெண்களுக்கு அடைக்கலம் கொடுக்கும் ஒரு வீட்டின் நம்பரை வாங்கி வந்தாள். வாங்கி வந்தும் நம்பவில்லை. கடை ஃபோனிலிருந்து தனுஜாவையே பேச வைத்தாள். எடுத்தவள் ஒரு சிங்களப் பெண். "பயவென்ன எப்பா, நங்கி" என்றாள். பயப்படாதே தங்கச்சி. தனுஜா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். ஆனால் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். அக்காவே கூப்பிட்டுத் தன் வாயால் உதவி கேட்க வேண்டும், அப்போதுதான் போலீசைக் கூட்டிக்கொண்டு அந்தக் கதவுக்குப் போக முடியும். மருந்துக்காரனின் ஃபோன் கையில் கிடைக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் இந்த நம்பர் நாகலெட்சுமிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு மழை. பஸ் நிலையம் புகைபோல மறைந்திருந்தது. மின்சாரம் இரண்டு தடவை மினுங்கியது. நான்காவது ஆட்டம் தொடங்கும்போது அறைக்குள் ஒரு பெயர் வந்தது. சன்னி ரோஸ்.

தனுஜா வாய்விட்டுக் கத்தப் பார்த்தாள். ரோகினி அவள் தோளை அழுத்தினாள். "கிழவியாயும் இருக்கலாம். மகனாயும் இருக்கலாம். ஒண்டு கேளும். வேற ஒருத்தருக்கும் தெரியாதது."

தனுஜா யோசித்தாள். பிறகு ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாள். எங்க ஆட்டுக்கு என்ன பேரு?

பந்துகள் உருண்டன. ஏதேதோ ஊர்க்காரர்கள் வாழ்த்துச் சொன்னார்கள். பிறகு சன்னி ரோஸின் பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் வந்தது. கண்டாக்கு.

மலையில் வேலை பார்க்கும் பெண்களின் கூடைக்குள்ளெல்லாம் தலையை விட்டுப் பார்க்கும் ஆடு அது. கொழுந்தைச் சோதிக்கும் கண்டாக்கையாவைப் போலவே இருக்கிறது என்று அப்பா வைத்த பெயர். தனுஜா சிரித்தாள், சிரிப்போடு அழுகையும் வந்தது. துடைத்துக்கொள்ள நேரமில்லை. உதவி செய்கிற வீடு இருக்கிறது, இந்த நம்பருக்குப் பேசு என்று எழுதி நம்பரைத் தட்டி அனுப்பினாள். திரையில் நம்பர் விழுந்த இடத்தில் நட்சத்திரங்கள் மட்டும் வரிசையாக நின்றன.

"மறைக்குது மிஸ்! நம்பரு தெரியல!"

ஃபோன் நம்பர்களை அந்தப் பெட்டி அனுமதிப்பதில்லை. பாதுகாப்புக்காம். அறையைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணும் உடனே எழுதினாள்: மல்லிப்பூ, நம்பர் கொடுக்காதீர்கள், ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்.

ரோகினி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "சொல்லா எழுதும். தமிழ்ச் சொல்லா. ஒண்டொண்டா."

ஒரு பந்து விழுந்ததும் தனுஜா ரெண்டு என்று எழுதினாள். சன்னி ரோஸ் ரெண்டு என்று திருப்பி எழுதினாள். அடுத்த பந்து. எட்டு. எட்டு. இடையிடையே சீட்டையும் அமுக்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் அறை வெளியே தள்ளிவிடும். கண் ஒரு நம்பரைத் தேட, கை வேறொரு நம்பரை எழுதியது. ஒரு தடவை சீட்டில் இருந்ததையே எழுதிவிட்டு, இல்ல இல்ல என்று எழுதி, சரியானதைத் திரும்ப எழுதினாள். கிழவி அசையுது என்று அந்தப் பக்கமிருந்து வந்தது. பிறகு நீண்ட நேரம் எதுவும் வரவில்லை. தனுஜா சீட்டை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, சொல்லு என்று வந்தது.

அறைக்காரப் பெண் இரண்டாம் முறை எச்சரித்தாள். தனுஜா அதைப் படிக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு எண்தான் பாக்கி. அதைத் தட்டினாள். எதுவும் போகவில்லை. எழுதுகிற பெட்டி சாம்பல் நிறமாகிவிட்டது. மல்லிப்பூ இனிப் பேச முடியாது.

"மிஸ்!"

சன்னி ரோஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம்? அப்புறம்? தனு?

ரோகினி வாசலைப் பார்த்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. இத்தனை நாளும், இதிலெல்லாம் என்னுடைய பெயரே வரக்கூடாது, நான் சொல்லித் தருகிறேன், நீர்தான் எழுத வேணும் என்று சொல்லிவந்தவள், அடுத்த மெஷினில் போய் உட்கார்ந்தாள். முதல் நாள் தான் உண்டாக்கிய பொய்ப் பெயரில் உள்ளே போனாள். அஞ்சு என்று எழுதினாள்.

சன்னி ரோஸிடமிருந்து பதில் வரவில்லை. புதுப் பெயர் ஒன்று தமிழில் எண் சொல்கிறது. அவள் நம்புவாளா? ரோகினி இன்னொரு முறை எழுதினாள். தங்கச்சி பக்கத்திலதான் இருக்கிறா, அஞ்சு. அனுப்பும் முன்பே அந்தப் பக்கம் சன்னி ரோஸ் என்ற பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டிருந்தது.

"பாத்திருப்பாளா மிஸ்?"

"தெரியேல்லை" என்றாள் ரோகினி. அவளுடைய கை இன்னும் மெஷின் மேலேயே கிடந்தது.

அந்த வாரம் பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தைக்குப் பாலைக் கொடுத்துவிட்டு அதே குழந்தைக்கு மறுபடியும் கொடுத்தாள் தனுஜா. ஃபோனைச் சேலை மடிப்பிலேயே வைத்திருந்தாள். மலையில் சிக்னல் கிடைக்கும் இடம் பார்த்து, குழந்தைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு போய் நின்றாள். வியாழக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வீரம்மா கேட்டு முடித்து, "அந்த யாழ்ப்பாணத்துப் புள்ளைக்கு ஏதும் வந்துறாதே?" என்றாள். மூத்த மகளைப் பற்றிக் கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபோன் அடித்தது. நீளமான வெளிநாட்டு நம்பர்.

"வெளிய வந்துட்டேன்டி" என்றாள் நாகலெட்சுமி.

தனுஜா வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா வேகவேகமாகப் பேசினாள். கடைசி நம்பரைச் சொன்னது யாரென்று தெரியவில்லை, மவன்தான் பொறி வைக்கிறானோ என்று பயந்தேன், ஆனாலும் மருந்துக்காரன் ஃபோனில் அடித்துப் பார்த்தேன். அந்த அடைக்கல வீட்டுக்காரர்கள் போலீசோடு வந்தார்கள். பாஸ்போட்டை இனிக் கேட்டு வாங்க வேண்டும், அதற்கு நாளாகும். பிறகு அவள் குரல் மெலிந்தது. "கிழவிதான் பாவம் தனு. மவன் வர்ற வரைக்கும் ஒரு போலீஸ் பொம்பள பக்கத்துல இருந்தா. நான் சப்பாத்து போடுறதக் கிழவி பாத்துக்கிட்டே இருந்துச்சு. கடைக்குப் போறேன்னு நெனச்சிருக்கும். பால் வாங்கிட்டு வரச் சொல்லிச்சு."

ஞாயிற்றுக்கிழமை தனுஜா ஹட்டனுக்குப் போனாள். இரண்டு பொய்ப் பெயர்களையும் அழித்துவிட வேண்டும் என்று ரோகினி சொல்லியிருந்தாள். மழை விட்டிருந்தது. கடையில் இரண்டு மாணவர்கள் ஏதோ அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். தனுஜா மல்லிப்பூவாக உள்ளே போனாள். தடை நீங்கியிருந்தது, எழுதுகிற பெட்டி மறுபடியும் வெள்ளையாக இருந்தது. ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ரோகினி அழிக்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தனுஜா அந்தப் பெயரைப் பார்த்துவிட்டாள்.

சன்னி ரோஸ்.

நாகி, என்று எழுதியிருந்தது. கிழவி அக்காவை அப்படித்தான் கூப்பிடுவாளாம். நாகி, இருக்கிறாயா?

"எழுதாதையும்" என்றாள் ரோகினி தாழ்ந்த குரலில். "மகனாயிருக்கும். ஆர் எழுதிக் குடுத்தது எண்டு பிடிக்கப் பாக்கிறான்."

"ஆமா மிஸ்."

தனுஜா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பந்துகள் உருண்டன. அவளுடைய சீட்டில் இருந்த நம்பர்கள் வந்து, யாரும் அமுக்காமல் போயின. ரோகினியின் சுட்டி அழிக்கும் பொத்தான் மேல் வந்து நின்றது. அப்போது சன்னி ரோஸின் அடுத்த வரி வந்தது. நா என்று தொடங்கி, அதன் கடைசி எழுத்து மட்டும் நிற்காமல் நீண்டது. நடுங்கும் விரலை வைத்த இடத்திலிருந்து எடுக்க முடியாதவர் எழுதுவதுபோல, நாஆஆஆஆஆஆஆஆ என்று ஒரு வரி நிரம்பி, அடுத்த வரிக்கு வந்து, அதுவும் நிரம்பியது. மற்றவர்களின் வாழ்த்துகள் மேலே தள்ளப்பட்டுக் காணாமற்போயின. அறைக்காரப் பெண் அன்பாக எழுதினாள்: ரோஸ், விரலைத் தூக்குங்கள்.

விரல் எழவில்லை. மூன்றாவது வரியும் நிரம்பிக்கொண்டிருந்தது.