பட்டியலில் பதினோராவது இடம்

வீட்டு வண்டியில் இருந்தவர்கள் மூன்று பேர். முன் இருக்கையில் சக்கரத்தைப் பிடித்தபடி வெர்லின். அவருக்கு வலப்பக்கம் அவர் மனைவி ஆர்டிஸ், மடியில் பட்டியல் நோட்டு, காதிடுக்கில் பென்சில். பின்னால், சாப்பாட்டு மேசையை ஒட்டிய பெஞ்சில் வெர்லினின் அக்கா லவான். அவளுக்கு நேர் எதிரே கக்கூஸ் கதவு. கதவுக்கு மேலே வரிசையாக நான்கு சின்ன விளக்குகள், நான்கும் எரிந்துகொண்டிருந்தன. நான்கும் எரிந்தால் வண்டிக்கு அடியில் இருக்கும் கழிவுத் தொட்டியில் இனி ஒரு குவளைக்கும் இடமில்லை என்று அர்த்தம்.

"நான் வேற இடத்துல உக்காந்துக்கறேன்," என்றாள் லவான். "இந்தக் கதவு என்னையே மொறச்சுப் பாக்குது."

"வேற இடம் எங்க இருக்கு? கூரை மேலதான்," என்றார் வெர்லின்.

"அங்க காத்தாவது வரும்."

காற்றுக்குக் குறைவே இல்லை. காலையிலிருந்து வாடைக்காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. பாலத்தில் ஏறியபோது வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது; ஒவ்வொரு சாய்வுக்கும் கீழே தொட்டியில் ஏதோ புரண்டு படுப்பதுபோல ஒரு சத்தம். மூன்று பேருக்கும் கேட்டது.

அயோவாவில் பனி கொட்டத் தொடங்கியதும் வீட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு டெக்சஸ் கடற்கரைக்கு வந்து, மார்ச் வரை அதிலேயே குடித்தனம் நடத்துகிற கூட்டத்தில் இவர்களும் சேர்த்தி. அந்தக் கூட்டத்தில் நானூறு குடும்பம் ஒரு சங்கமாகச் சேர்ந்து மாதமொரு மடல் போடுகிறது. மடலின் கடைசிப் பக்கம் ஆர்டிஸுடையது: கார்பஸ் கிறிஸ்டி நகரைச் சுற்றி எங்கெங்கே தொட்டியைக் காலி செய்யலாம் என்ற பட்டியல். மொத்தம் நாற்பத்திமூன்று இடங்கள். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் பதிவேடு எழுதிய கை அவளுடையது. பட்டியலுக்கு அவள் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: தானே குழாய் மாட்டிக் கொட்டிப் பார்த்த இடம் மட்டும்தான் அதில் ஏறும்.

இந்த வருஷம் அதைத் தனிப் புத்தகமாகவே போடப் போகிறார்கள், அட்டையில் அவள் பெயரோடு. திருத்திய பிரதி இன்றைக்குத் தபாலில் சேர வேண்டும். மடலாசிரியர் ஹார்லன் தொலைபேசியில் இரண்டு தடவை நினைவூட்டிவிட்டார். முன்பின் தெரியாதவர்கள்கூட வண்டிப் பேட்டைகளில் அவளைத் தேடி வந்து, 'பட்டியல் ஆர்டிஸ் நீங்கதானே?' என்று கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அவள் ஒன்றும் பெரிதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் அன்றிரவு சாப்பாடு ருசிக்கும்.

முதலில் போனது மூன்றாம் எண், ஒரு பெட்ரோல் நிலையத்தின் பின்புறம். கொட்டும் வாயில் சிமெண்டு பூசி மேலே குப்பைத் தொட்டியை நிறுத்தியிருந்தார்கள். ஆர்டிஸ் கோடு கிழித்துத் தேதி போட்டாள். அடுத்தது ஏழாம் எண், படகுத்துறைப் பூங்கா. சங்கிலி. ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்று பலகை. அதற்கும் ஒரு கோடு. ஒன்பதாம் எண் ஒரு வண்டிப் பேட்டை. அங்கே தங்கியிருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று சன்னலைத் திறக்காமலே ஒரு பெண் கையை ஆட்டிச் சொன்னாள். தங்குவதற்கு இடமும் இல்லையாம்.

"உன் பட்டியல் புத்தகமா வர்றதுக்குள்ள துண்டுச் சீட்டாயிடும் போலிருக்கே," என்றாள் லவான்.

"உப்புக்காத்துல குழாயெல்லாம் துருப்பிடிக்குது, ஒவ்வொண்ணா மூடிடறாங்க. அதுக்கு நான் என்ன செய்ய?"

"நான் உன்னைக் குத்தம் சொல்லலை, ஆர்டிஸ். நான் இன்னிக்குக் காலையில ஒரே ஒரு காப்பிதான் குடிச்சேன். அதையே இப்ப நினைச்சு வருத்தப்பட்டுட்டிருக்கேன்."

வெர்லின் சிரிக்கவில்லை. மணி இரண்டரை. வண்டியை எந்தத் திசையில் திருப்புவது என்று தெரியாமல் சாலையோரம் நிறுத்தி, சக்கரத்தில் விரலால் தாளம் தட்டினார். அவருக்குக் கோபம் வருவதற்கு முந்தின கட்டம் அது.

"பதினொண்ணுக்குப் போ," என்றாள் ஆர்டிஸ். "அது மூடவே மூடாது."

"எது பதினொண்ணு?"

"உனக்குக் கல்லு வந்த இடம்."

வெர்லினின் விரல் நின்றது. போன வருஷம் பிப்ரவரியில், வளைகுடாவின் வடகரையில், இறால் படகுகளுக்குப் போகும் மண்சாலையில், சிறுநீரகக் கல் அவரை வண்டியின் தரையில் சுருட்டிப் போட்டது. அன்றைக்கும் தொட்டி நிறைந்து, கழிவுநீர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு சின்ன தேவாலயம். அதைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒஃபேலியா என்ற பெண்மணி ஓடி வந்தாள். வெர்லினை உள்ளே நீளப் பலகையில் படுக்க வைத்தாள். தேவாலயத்துச் சாக்கடைக் குழியின் மூடியைத் தானே திறந்துவிட்டாள். தொட்டி காலியானதும் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். 'கொட்டிக்கலாமா?' என்று ஆர்டிஸ் கேட்டபோது அவள் சொன்னது, 'இதுக்கெல்லாம் கேக்கணுமா!'

அந்த நன்றியை எப்படித் திருப்பிச் செய்வதென்று தெரியாமல் ஆர்டிஸ் தனக்குத் தெரிந்த வழியில் செய்தாள். பட்டியலில் ஏற்றினாள். எண் பதினொன்று. தேவாலயம், பின்பக்கக் குழி. இலவசம். எந்நேரமும். தங்கமான மனிதர்கள். கேட்க வேண்டியதில்லை.

தேவாலயத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதன் புல்வெளியில் கட்டியிருந்த ஆரஞ்சு வலை கண்ணில் பட்டது. வலைக்குள் மண் தோண்டிக் குவித்திருந்தது. வாசலருகே கட்டட வேலைக்காரர்களுக்கு வைப்பதுபோல ஒரு பிளாஸ்டிக் கக்கூஸ், காற்றில் விழாமலிருக்கக் கயிற்றால் வேலியோடு கட்டப்பட்டு நின்றது. பக்கத்தில் கையால் எழுதிய பலகை: வண்டிக்காரர்களே, தயவுசெய்து இங்கே வேண்டாம். நாங்களும் மனிதர்கள்.

வெர்லின் வண்டியை நிறுத்தினார். உள்ளேயிருந்து ஒரு கம்பளிச் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒஃபேலியா விடுவிடுவென்று வந்தாள். இரண்டு கையையும் அகல விரித்து வழி மறித்தாள்.

"வேணாம், வேணாம்! பலகையப் படிக்கலையா? திருப்புங்க வண்டிய!"

வெர்லின் கதவைத் திறந்து இறங்கினார். அவளுடைய கைகள் மெல்ல இறங்கின.

"அட, நம்ம கல்லுக்காரரு!" ஓடி வந்து அவர் தோளைத் தட்டினாள். "உயிரோட இருக்கீங்களா? கல்லு வெளிய வந்துச்சா?"

"வந்துச்சும்மா. பட்டாணி அளவு. டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன்."

"அத எதுக்கு வெச்சிருக்கீங்க, வீசி எறியுங்க! அம்மா, நீங்க நல்லா இருக்கீங்களா?" இது ஆர்டிஸுக்கு. "கோச்சுக்காதீங்க. வண்டியப் பாத்தாலே இப்பல்லாம் எனக்குக் கை தானா மேல போயிடுது."

"என்ன ஆச்சு?" என்றாள் லவான்.

"என்ன ஆகல? நீங்க போன அடுத்த மாசத்துலேருந்து வண்டி மேல வண்டி. ஒரு நாளைக்கு மூணு, நாலு. கேக்கறதும் இல்ல, கொள்றதும் இல்ல. ஞாயித்துக்கிழமை பூசை நடக்கறப்ப பின்னால வந்து குழாயச் சொருகறாங்க. ஏதோ நீல மருந்து ஊத்துவீங்களாமே தொட்டில, நாத்தம் வராம இருக்க? அது எங்க குழிக்குள்ள போயி, கழிவ மக்க வைக்கற பூச்சி எல்லாத்தையும் கொன்னுடுச்சு. குழி செத்துப்போச்சுன்னு வந்து பாத்தவரு சொன்னாரு. போன ஈஸ்டர் அன்னிக்குப் புல்லு மேல எல்லாம் பொங்கிடுச்சும்மா. ஒளிச்சு வெச்ச முட்டையத் தேடிப் பிள்ளைங்க ஓடற இடத்துல." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை மீன் சாப்பாடு போடுவோம். இந்தத் தவக்காலத்துல அதுவும் இல்ல. கக்கூஸ் இல்லாம இருநூறு பேர எப்படிக் கூப்பிடறது?"

"யாரு அனுப்பறாங்க இவங்கள?" என்று வெர்லின் கேட்டார். கேட்டுவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"ஏதோ பட்டியலாம். ஒருத்தன் என்கிட்டயே காட்டறான். பதினொண்ணாம் நம்பர், கேக்க வேணாம்னு போட்டிருக்குன்னு எனக்கே படிச்சுக் காட்டறான், என் வாசல்ல நின்னுகிட்டு!" ஒஃபேலியா கையை உதறினாள். "அத விடுங்க. உங்களுக்கும் நிறைஞ்சுடுச்சா? நேரா போயி ரெண்டாவது திருப்பத்துல ஊர்ச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கு. அங்க வண்டிகள விடறாங்க. நாலு மணிக்கு மூடிடுவாங்க, சீக்கிரம் போங்க."

பழக்க தோஷம். ஆர்டிஸின் கை காதிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டது, நோட்டைத் திறந்துவிட்டது. 'சுத்திகரிப்பு நி' வரை எழுதிவிட்டாள். நிமிர்ந்தபோது ஒஃபேலியா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேர்கோடு போட்ட பக்கம், இடப்பக்கம் எண்கள்.

வெர்லின் ஆர்டிஸின் முழங்கையைத் தொட்டார். "மணியாச்சு. ஏறு."

ஏறியிருக்கலாம். அந்தம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் போனால் வண்டி கிளம்பிவிடும், ஒரு கோடு கிழித்தால் பதினொன்றும் போய்விடும், புத்தகம் வந்துவிடும்.

"நான்தாங்க எழுதினேன்," என்றாள் ஆர்டிஸ். "பதினொண்ண."

காற்று பிளாஸ்டிக் கக்கூஸின் கதவைத் திறந்து அடித்தது. ஒஃபேலியா போய் அதைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் தேவைக்கு அதிகம்.

"கேக்க வேணாம்னு?"

"நீங்க அன்னிக்கு அப்படித்தான் சொன்னீங்க. இதுக்கெல்லாம் கேக்கணுமான்னு."

"சொன்னேன். உங்க வீட்டுக்காரரு தரையில சுருண்டு கிடந்தாரு. அப்ப வேற என்னத்தச் சொல்லுவாங்க?"

ஆர்டிஸ் நோட்டை மூடினாள்.

"உங்கள நான் காருல கூட்டிட்டுப் போனேனே," என்றாள் ஒஃபேலியா. "நல்லவேளை, அதையும் எழுதாம விட்டீங்க. அத்தன பேரும் ஆஸ்பத்திரிக்குப் போக என் வாசல்ல வந்து நின்னிருப்பாங்க."

லவான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். ஒஃபேலியா சிரிக்கவில்லை.

"எழுதத் தெரியுதில்ல உங்களுக்கு? உள்ள வாங்க. இப்பவே எழுதுங்க. நான் பாக்கணும்."

மீன் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். ஒரு மேசையை மட்டும் ஒஃபேலியா இழுத்துப் போட்டாள். ஆர்டிஸ் தாளை நேராக வைத்து, ஓரம் விட்டு, தேதி போட்டு எழுதினாள்: 'பதினோராம் எண்ணில் கண்ட தேவாலயத்தில் இவ்வசதி தற்சமயம் நிறுத்தப்பட்டுள்ளது. உறுப்பினர்கள் கவனிக்கவும்.'

ஒஃபேலியா தோளுக்கு மேலாகப் படித்தாள். "வசதியா? இங்க வசதின்னு ஒண்ணு எப்ப இருந்துச்சு? யாரு நிறுத்தினா, நானா?"

ஆர்டிஸ் தாளை எடுத்து நான்காகக் கிழித்தாள். முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் அவள் எழுதிய வாக்கியங்கள் எல்லாம் இந்த மாதிரியானவைதான். யாரும் எதையும் செய்திருக்க மாட்டார்கள், எல்லாம் தானாக நடந்திருக்கும்.

"ஆர்டிஸ், மூணு முப்பத்தஞ்சு," என்றார் வெர்லின் வாசலிலிருந்து. "அங்க மூடிட்டான்னா ராத்திரி பூரா நாம..."

"மூடட்டும்."

அவர் இரண்டடி உள்ளே வந்து, திரும்பி வெளியே போனார். லவான் பின்னாலேயே போனாள். சன்னல் வழியாக அவர்கள் ஆரஞ்சு வலையைத் தாண்டி, தோண்டிய பள்ளத்தின் விளிம்பில் நிற்பது தெரிந்தது. வெர்லின் குனிந்து குனிந்து பார்த்தார். நாற்பது வருஷம் சோள வயலில் வடிகுழாய் பதித்தவர். பள்ளத்தைக் கண்டால் நிற்காமல் இருக்க முடியாது.

ஆர்டிஸ் இரண்டாவது தாளை எடுத்தாள்.

'ஹார்லன், பட்டியலின் பதினோராம் எண் ஒரு கொட்டுமிடமே இல்லை. போன வருஷம் என் கணவர் உடம்பு முடியாமல் கிடந்தபோது அங்கே ஒரு அம்மா ஒரே ஒரு தடவை எங்களுக்கு உதவினார். நான் அந்த உதவிக்கு எண் போட்டு நானூறு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவர்களுடைய குழி செத்துவிட்டது. கேட்க வேண்டியதில்லை என்று எழுதியது நான். அவர்களை நான் கேட்டு எழுதவில்லை. இதை மடலின் முதல் பக்கத்தில் என் பெயரோடு இப்படியே போடுங்கள். புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். நாற்பத்திமூன்று இடங்களில் எத்தனை பேரிடம் கேட்டேன் என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.'

புத்தகம் என்ற சொல்லில் பென்சில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நகர்ந்தது.

லவான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "உன் புருஷன் சொல்றான், பள்ளம் சாய்வா தோண்டலையாம், இப்படி விட்டா மறுபடியும் பொங்குமாம். நம்ம சங்கத்துலதான் வடிகுழாய் போட்ட கிழவனுங்க அம்பது பேரு வேலையில்லாம வெயில் காயறானுங்களே. வந்து தோண்டச் சொல்லி எழுதேன்."

ஆர்டிஸ் ஒஃபேலியாவைப் பார்த்தாள். "எழுதலாங்களா?"

ஒஃபேலியா உடனே தலையாட்டவில்லை. நாற்காலிகளைப் பார்த்தாள், பள்ளத்தைப் பார்த்தாள்.

"வரட்டும்," என்றாள். "ஆனா காருல வரட்டும். அவங்கவங்க கக்கூஸ அங்கயே விட்டுட்டு வரட்டும்."

ஆர்டிஸ் அதையும் அப்படியே எழுதினாள், ஒரு சொல் மாற்றாமல். அடியில் கையெழுத்துப் போட்டுத் தாளை ஒஃபேலியாவிடம் நீட்டினாள். அவள் நின்றபடியே ஒரு தடவை வேகமாகவும் ஒரு தடவை விரல் வைத்தும் படித்தாள். படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

வெளியே தபால் ஜீப் மண்சாலையில் திரும்பும் சத்தம் கேட்டது. ஆர்டிஸ் தாளை மூன்றாக மடித்து, பட்டியலை அனுப்ப நோட்டில் வைத்திருந்த உறைக்குள் செருகி, பசையை நாக்கால் நனைத்து, மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். தபால்தலையை ஒட்டினாள். முதல் தடவையாக அது கொஞ்சம் கோணலாக விழுந்தது. சரி செய்ய நேரமில்லை. வாடை முகத்தில் அறைய வேலி வரை ஓடி, ஜீப்பின் சன்னலில் உறையை நீட்டினாள். தபால்காரர் அதை வாங்கித் தட்டில் மற்றக் கடிதங்களோடு போட்டுவிட்டு, இறால் படகுகள் இருந்த பக்கமாக வண்டியை விட்டார்.