உழைப்பு சரிபார்க்கப்பட்டது

எனக்குத் தொழில் பூட்டுத் திறப்பது. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் முழிக்கிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். ஒருவரையும் முன்னே பின்னே பார்த்திருக்க மாட்டேன். இதை என் அண்ணன் மண்டையில் ஏற்றுவதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

அவன் நடத்தும் செயலியில்தான் ஊரே செய்தி அனுப்பிக்கொள்கிறது. அதில் 'பூட்டுக்காரி' என்று தேடினால் நான் வருவேன். கடன் வேண்டுமா, தொப்பை குறைய வேண்டுமா என்று விளம்பரக் குப்பை கொட்டவே, அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். அறிமுகமில்லாதவருக்கு முதல் செய்தி அனுப்பினால், அனுப்புகிற போன் முதலில் ஒரு பெரிய கணக்கைப் போட்டு முடிக்க வேண்டும். அப்புறம்தான் செய்தி போகும்.

"ஓசியில அனுப்பறதாலதானே குப்பை வருது? உழைச்சு அனுப்பட்டும். ஒருத்தருக்கு அனுப்பறவனுக்கு அஞ்சு செகண்ட்தான். லட்சம் பேருக்கு அனுப்பறவன் நொந்து போயிடுவான்," என்றான்.

நொந்து போனது நான். விளம்பரக்காரர்கள் கணக்குப் போடுவதற்கென்றே மெஷின்களை வாங்கி அடுக்கிவிட்டார்கள். இவன் கணக்கைக் கடினமாக்கினான். அவர்கள் இன்னும் மெஷின் வாங்கினார்கள். நடுவில் பழைய போன்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள்; அவர்கள் செய்தி எனக்கு வந்து சேரவே வெகுநேரம் ஆனது. நான் பதில் போட்டால், "போங்கம்மா, கதவை உடைச்சே உள்ள போயிட்டோம்" என்று வரும்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதே அண்ணா."

"அவங்களைப் புது போன் வாங்கச் சொல்லு."

செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் கடினமாக்கினான். அன்று மதியம் அண்ணி குப்பை போட வெளியே வர, காற்றில் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது. உள்ளே இரண்டு வயதுக் குழந்தை, அடுப்பில் பால், அண்ணியின் போன். யார் நம்பரும் அவளுக்கு மனப்பாடம் இல்லை; குழந்தையை விட்டு நகரவும் முடியாது. எதிர்வீட்டு அக்காவின் பழைய போனை வாங்கி, 'பூட்டுக்காரி' என்று தேடி எனக்கு எழுதினாள். அந்தப் போனுக்கு நான் அறிமுகமில்லாதவள்; அது கணக்குப் போட ஆரம்பித்தது. கையில் பிடிக்க முடியாமல் சுட்டதாம். உள்ளே குழந்தை அழுகிறது, ஜன்னல் இடுக்கில் கருகல் வாடை.

அந்த நேரம் நான் மூன்று தெரு தள்ளி, கடையில் ஈ ஓட்டிக்கொண்டு, கடன் விளம்பரங்களை அழித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி அதற்குமேல் காத்திருக்கவில்லை. பூந்தொட்டியால் ஜன்னலை உடைத்து ஏறினாள். அடுப்பை அணைத்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் போனில் எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். நாங்கள் போனபோது அவள் கையில் சுற்றியிருந்த துண்டு ரத்தத்தில் நனைந்திருந்தது. நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றுமில்லை.

அண்ணன் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினான். அப்போதுதான் என் போன் ஒலித்தது. பார்த்துவிட்டு அவன் முன்னால் நீட்டினேன்.

'அண்ணிதான். கொழந்த உள்ள மாட்டிக்கிச்சு. அடுப்பு எரியுது. ஓடி வா.'

கீழே, போன் கணக்கை முடித்ததற்கு அடையாளமாகப் பச்சை எழுத்தில் அவனே எழுதிவைத்த வரி: உழைப்பு சரிபார்க்கப்பட்டது.

அவன் படித்து முடிப்பதற்குள் இன்னொன்று வந்து விழுந்தது. 'ஐந்தே நிமிடத்தில் கடன்.' அதற்குக் கீழேயும் அதே பச்சை வரி.

அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"நானும் இந்தக் கடன் விளம்பரக்காரனும் நல்லாத்தான் உழைச்சிருக்கோம், இல்லீங்க?" என்றாள்.